மணியோட கட்டியை மறைச்சு பாலிசி மாத்தலாமா?

நங்கநல்லூர்ல இருந்து ஒரு வாசகி நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால போடல, செல்லங்களோட பேரையும் மாத்தியிருக்கேன். அவங்க எழுதினதோட சுருக்கம் இதுதான்.

வீட்ல அஞ்சரை வயசு லேப்ரடார் ஒண்ணு, மணின்னு வச்சுக்குவோம். கூடவே ரெண்டு வயசு ஆண் பூனை, சிட்டு. குட்டியா இருக்கும்போது மழையில நனைஞ்சு கார் டயர் மேல ஏறி உக்காந்திருந்ததை எடுத்துட்டு வந்து வளர்க்குறாங்க. மணிக்கு மூணு வருஷமா ஒரே கம்பெனியில இன்சூரன்ஸ். போன வருஷம் கட்டினது 5,400 ரூபா, இந்த வருஷம் ரினியூவல் நோட்டீஸ்ல 7,100னு வந்திருக்கு. போன ஆகஸ்ட்ல மணிக்கு உண்ணி காய்ச்சல் வந்து நாலு நாள் அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்தி, பில் 23,400 ஆச்சு, கம்பெனி கொடுத்தது 15,000. "மீதி 8,400 எங்க போச்சு மேடம், ஏமாத்திட்டாங்களா?"ன்னு கேக்குறாங்க. இந்த கோவத்துல இருக்கும்போது ஒரு ஏஜென்ட் வந்து, வேற கம்பெனியில ஓபிடியோட (அட்மிட் ஆகாம டாக்டரைப் பாக்குற செலவு) சேத்து 4,600க்கே முடிச்சுடலாம், மொபைல் நம்பர் மாதிரி போர்ட் பண்ணிக்கலாம், பழைய மூணு வருஷமும் கூடவே வந்துடும், பூனையையும் அதுலயே சேத்துக்கலாம், 80டிங்குற வருமான வரிக் கழிவுல டாக்ஸும் மிச்சம்னு சொல்லியிருக்கார்.

இதுக்கு நடுவுல போன வாரம் மணியை குளிப்பாட்டும்போது இடது விலாப் பக்கம் புளியங்கொட்டை சைஸ்ல ஒரு கட்டி கையில தட்டுப்பட்டிருக்கு. டாக்டர் தொட்டுப் பாத்துட்டு, ஊசியால கொஞ்சம் செல் எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்னு எழுதிக் கொடுத்திருக்கார். ஏஜென்ட் சொல்றது: "டெஸ்ட் இப்ப எடுக்காதீங்க, பாலிசி மாத்தி ரெண்டு மாசம் போகட்டும், ஃபார்ம்ல காய்ச்சல், கட்டி எதுவும் எழுத வேணாம், மூணு வருஷம் தாண்டிட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது." வீட்டுக்காரர் சொல்றது: "இன்சூரன்ஸே வேணாம், மாசம் 600 ரூபா ஆர்டி போட்டுடலாம்." பழைய பாலிசி முடிய இன்னும் 19 நாள்தான் இருக்கு. என்ன பண்றது?

பாருங்கம்மா, நீங்க பாலிசியைப் பத்தி கேட்டிருக்கீங்க, ஆனா நான் கட்டியில இருந்துதான் ஆரம்பிப்பேன். இந்த வாரமே அந்த டெஸ்ட்டை எடுத்துடுங்க. நான் வக்கீல்தான், கால்நடை டாக்டர் இல்ல, ஆனா செல்லப்பிராணி கிளைம் ஃபைல் படிச்சுப் படிச்சு ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். லேப்ரடாருக்கு இந்த வயசுல வர்ற கட்டி பெரும்பாலும் வெறும் கொழுப்புக் கட்டியா இருக்கலாம், ஆனா மாஸ்ட் செல் ட்யூமர்னு ஒரு வகை புற்றுநோய் கட்டியும் தொட்டா அதே மாதிரிதான் இருக்கும், அதுவும் லேபுக்கு வர்ற கட்டிதான், கையால அமுக்கிப் பாத்து ரெண்டையும் பிரிச்சு சொல்ல எந்த டாக்டராலயும் முடியாது. கொழுப்புன்னா ரெண்டு மாசம் தள்ளிப் போட்டாலும் நஷ்டம் இல்ல, மத்ததுன்னா அந்த ரெண்டு மாசம் மணியோட மாசம். பிரைவேட் கிளினிக்ல செலவு கூடன்னு நினைச்சா வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. 1903ல ஆரம்பிச்ச காலேஜ், கட்டணம் குறைவு, கூட்டம் இருக்கும், அதனால காலையில சீக்கிரமே போய் டோக்கன் போட்டுடுங்க.

இப்போ சட்டப் பக்கம். ஏஜென்ட் சொன்ன ஐடியாவுல தப்பு மட்டும் இல்ல, உங்களுக்கு நஷ்டமும் இருக்கு. அந்தக் கட்டி எப்ப தெரிஞ்சுது? பழைய பாலிசி நடப்புல இருக்கும்போது. அப்போ ஆபரேஷன்னு ஒண்ணு வந்தா அதுக்கு பணம் கொடுக்க வாய்ப்பு இருக்குற ஒரே பாலிசி உங்க கையில இருக்குற அந்த பழைய பாலிசிதான். புது கம்பெனிக்கு அது ஏற்கனவே இருந்த நோய், அவங்க கொடுக்கவே மாட்டாங்க. நீங்க டெஸ்ட்டை தள்ளிப்போட்டு பாலிசியை மாத்தினா, கொடுக்குற இடத்தை விட்டுட்டு கொடுக்காத இடத்துக்குப் போறீங்க. டெஸ்ட்ல வெட்டி எடுக்கணும்னு வந்துட்டா உடனே கம்பெனிக்கு மெயில்ல தகவல் கொடுத்துட்டு, டாக்டர் சரின்னா இந்த 19 நாளுக்குள்ளயே முடிச்சுடுங்க.

மறைக்க முடியுமான்னு கேட்டா, முடியாது, ஏன்னா ஏற்கனவே எழுதியாச்சு. டாக்டர் கொடுத்த சீட்டுல தேதி போட்டு கட்டி எங்க, என்ன சைஸ்னு இருக்குமே. வேளச்சேரி பக்கத்துல இருந்து என்கிட்ட வந்த ஒரு கேஸ் சொல்றேன். கோல்டன் ரெட்ரீவர், புது பாலிசி எடுத்து ஏழாவது வாரம் ஆபரேஷன். ஓனர் நல்ல மனுஷர், ஏஜென்ட் ஃபில்லப் பண்ணின ஃபார்முக்கு ஓடிபி மட்டும் சொல்லியிருக்கார். ராத்திரி பதினோரு மணிக்கு அட்மிஷன், ட்யூட்டி டாக்டர் "எத்தனை நாளா இருக்கு?"ன்னு கேக்க, பதட்டத்துல "ஒரு மூணு நாலு மாசமா சார்"னு சொல்லிட்டார், அவரும் நீல பேனாவுல அதை அப்படியே ஒரு வரி எழுதிட்டார். கிளைம் ஃபைலை நான் திறந்தப்போ அந்த ஒரு வரிக்குக் கீழ மட்டும் கம்பெனிக்காரங்க பச்சை ஹைலைட்டர் போட்டு வச்சிருந்தாங்க. மொத்த கிளைமும் ரிஜெக்ட், பாலிசியும் ரத்து. நான் எவ்வளவோ பாத்தேன், அந்த வரியைத் தாண்டி என்னால எதையும் எடுத்து வைக்க முடியல. நாய் பிழைச்சுடுச்சு, ஆனா அவர் அந்தக் கடனை ரொம்ப நாள் கட்டிட்டு இருந்தார்.

இன்சூரன்ஸ்ங்குறது முழு உண்மையை நம்பி போடுற ஒப்பந்தம். ஃபார்ம்ல கேட்ட கேள்விக்கு தெரிஞ்சே தப்பா பதில் கொடுத்தா, அந்தப் பொய்க்கு சம்பந்தமே இல்லாத அடுத்த கிளைமைக் கூட தொங்கல்ல விட அவங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சுடும். ஃபார்மை யார் ஃபில்லப் பண்ணினாலும், கையெழுத்தோ ஓடிபியோ கொடுத்தது நீங்கன்னா அது நீங்க சொன்னதுதான்.

போர்ட், 80டி, மூணு வருஷம்: மூணுமே நமக்கு வராது

போர்ட்டபிலிட்டின்னு ஒண்ணு இருக்கு, நிஜம்தான். மனுஷங்களோட ஹெல்த் இன்சூரன்ஸுக்கு 2011ல இருந்து இருக்கு, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ கொடுத்த உரிமை அது. நாய், பூனை பாலிசி ஹெல்த் இன்சூரன்ஸ் கணக்குல வராது, அது பொதுக் காப்பீட்டுல ஒரு தனி வகை, அதுக்கு அந்த உரிமை இல்ல. நீங்க கம்பெனி மாறினா மணி அவங்களுக்கு புது வாடிக்கை, வெயிட்டிங் பீரியட், அதாவது கிளைம் கேக்க முடியாத ஆரம்ப நாட்கள், முதல் நாள்ல இருந்து ஓடும், போன வருஷ உண்ணி காய்ச்சலும் இந்த கட்டியும் ஏற்கனவே இருந்த நோய்ங்குற லிஸ்ட்ல போய் உக்காரும். ஹிஸ்டரி நாயோட வரும், அந்த மூணு வருஷ சீனியாரிட்டி கூட வராது. ஏதாவது ஒரு கம்பெனி தானா இறங்கி வந்து பழைய வருஷத்தை ஏத்துக்குறேன்னு சொன்னா, அது பாலிசி பத்திரத்துல எழுத்துல வரணும், ஏஜென்ட் வாட்ஸ்அப்ல வந்தா போதாது.

80டி கழிவு உங்களுக்கு, உங்க வீட்டுக்காரருக்கு, பிள்ளைங்களுக்கு, பெத்தவங்களுக்கு எடுக்குற மெடிக்கல் பாலிசிக்குத்தான். மணி நம்ம வீட்டுப் பிள்ளைதான், இன்கம் டாக்ஸ் ஆபீஸுக்கு அப்படி இல்ல. அதே மாதிரி 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி எடுத்துட்டாங்களே, நமக்கு மட்டும் ஏன் போடுறாங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க, அந்த விலக்கும் செல்லப்பிராணி பாலிசிக்கு கிடையாது.

மூணு வருஷக் கதை எங்க இருந்து வந்துச்சுன்னா, 1938ம் வருஷ இன்சூரன்ஸ் சட்டத்துல 45வது பிரிவு. அது லைஃப் இன்சூரன்ஸுக்கு மட்டும். மனுஷங்க ஹெல்த் பாலிசிக்கு 60 மாசம்னு வேற ஒரு கணக்கு இருக்கு. நாய் பாலிசிக்கு ரெண்டும் பொருந்தாது, இது ஒவ்வொரு வருஷமும் முடிஞ்சு புதுசாகுற ஒப்பந்தம். அந்த ஏஜென்ட்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, "நீங்க சொன்ன இதையெல்லாம் கம்பெனி மெயில் ஐடியில இருந்து எனக்கு அனுப்புங்க"ன்னு.

8,400 எங்க போச்சு

நீங்க இணைச்சிருந்த செட்டில்மென்ட் லெட்டரைப் பாத்தேன். ஏமாத்தல. பில்லுல 4,650 ரூபா, உண்ணிக்கு கழுத்துல மாட்டுற காலர், ஷாம்பு, டானிக், டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வாங்கின ஸ்பெஷல் ஃபுட், இதெல்லாம் பாலிசியில கொடுக்காத ஐட்டம். மீதி 18,750. அதுல 20 சதவீதம் உங்க பங்கு, கோ-பேன்னு போட்டிருக்கும், அது 3,750. கழிச்சா சரியா 15,000. இந்த 20 சதவீதம் பாலிசி எடுக்கும்போதே முதல் பக்கத்துல இருக்கு, யாரும் உங்களுக்கு எடுத்து சொல்லல, அந்த வருத்தம் நியாயம்தான்.

இதை ஏன் இவ்வளவு விளக்குறேன்னா, நீங்க கம்பெனி மாற நினைக்கிறதுக்கு பாதிக் காரணம் இந்தக் கோவம். புது பாலிசியோட பேப்பரை எடுத்து இதே 23,400 பில்லை அதுல போட்டுப் பாருங்க. ஓபிடி இருக்குன்னு சொல்றாங்க, வருஷத்துக்கு எவ்வளவு வரைக்கும்? ஒரு விசிட்டுக்கு எவ்வளவு? கோ-பே எத்தனை சதவீதம்? அட்மிஷனுக்கு தனி உச்சவரம்பு இருக்கா? 4,600 கட்டி ரெண்டாயிரம் ரூபா ஓபிடி வாங்கிட்டு, பெரிய பில்லு வரும்போது பாதிதான் கிடைக்கும்னா அது மலிவு பாலிசி இல்ல. பிரீமியத்தை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்குறதை விட, நம்ம வீட்டு பழைய பில்லு ஒண்ணை ரெண்டு பாலிசியிலயும் ஓட்டிப் பாத்தாலே விஷயம் தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, எல்லா நாய் பாலிசியும் ஒரே சரக்கு இல்ல. பொதுத்துறை கம்பெனிங்க ரொம்ப வருஷமா கொடுத்துட்டு இருக்குற பழைய மாதிரி நாய் பாலிசி முக்கியமா இறப்புக்கானது, நாய் செத்துப்போனா அதோட மதிப்பை கொடுக்கும், ஆஸ்பத்திரி பில்லைக் கொடுக்காது. நம்ம சென்னையில பணம் கரையுறது உண்ணி காய்ச்சல், விஷக்கடி, வண்டியில அடிபடுறது, லேபுக்கு இடுப்பு மூட்டு, முழங்கால் ஜவ்வு, இதுலதான், அதனால சிகிச்சை, சர்ஜரி கவர் இருக்கான்னுதான் முதல்ல பாக்கணும். திருட்டு, தொலைஞ்சு போறது, இதெல்லாம் கொஞ்சம் கூட காசு கட்டி சேக்குறது, வீட்டுக்குள்ளயே இருக்குற மணிக்கு அது அவ்வளவு அவசியம் இல்ல. ஆனா மூணாம் நபர் பொறுப்புன்னு ஒண்ணு இருக்கும், மணி யாரையாவது கடிச்சு அவங்க நஷ்டஈடு கேட்டா வர்ற கவர், அபார்ட்மென்ட்ல இருக்கீங்க, அதை விடாதீங்க. நாயை ஒழுங்கா பாத்துக்காம விட்டு ஆளுக்கு ஆபத்துன்னா பாரதிய நியாய சன்ஹிதா 291வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 5,000 வரை அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். பாலிசி அந்த ஜெயிலையும் அபராதத்தையும் ஏத்துக்காது, நஷ்டஈட்டை மட்டும்தான் பாக்கும்.

அப்போ மணிக்கு என்ன பண்றது

என் கருத்து, இந்த வருஷம் பழைய கம்பெனியிலயே ரினியூ பண்ணுங்க. கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்க, நாலு நாள் முன்னாடியே கட்டிடுங்க. மனுஷங்க பாலிசி மாதிரி கிரேஸ் பீரியட், அதாவது கெடு தாண்டியும் பணம் கட்ட கொடுக்குற நாட்கள், தானா இருக்கும்னு நினைச்சுடக்கூடாது, பத்திரத்துல எழுதியிருந்தாதான் உண்டு, ஒரு நாள் விட்டாலும் புது பாலிசின்னு சொல்லி வெயிட்டிங்கை மறுபடி ஆரம்பிக்க இடம் இருக்கு.

ஆனா ரினியூ பண்றதுக்கு முன்னாடி இவங்ககிட்டயும் ஒரு கேள்வி எழுத்துல கேக்கணும், இதுதான் நான் பாத்த வரைக்கும் யாருமே கேக்காத கேள்வி. போன பாலிசி வருஷத்துல வந்த நோயை, அடுத்த வருஷம் ஏற்கனவே இருந்த நோய்னு சொல்லி ஒதுக்குவீங்களா? சில பாலிசியில ஒவ்வொரு வருஷமும் தனி ஒப்பந்தம்ங்குறதால அப்படியும் ஒரு வாசகம் உள்ள இருக்கும். தொடர்ச்சியா ரினியூ பண்ணினா ஒதுக்க மாட்டோம்னு பதில் வந்தா, உங்க 7,100க்கு உண்மையான மதிப்பு இருக்கு. ஒதுக்குவோம்னு வந்தா, பழைய கம்பெனியில இருக்குறதுக்கு இருக்குற பெரிய காரணமே போச்சு, அப்போ புது கம்பெனியையும் சமமா வச்சுப் பாக்கலாம், ஆனா காய்ச்சல், கட்டி ரெண்டையும் ஃபார்ம்ல எழுதிட்டுத்தான். அப்படி எழுதினா கட்டியையும் அது சம்பந்தமானதையும் மட்டும் ஒதுக்கி மத்ததுக்கு கவர் கொடுக்கலாம், இல்ல பிரீமியத்தை ஏத்தலாம், இல்ல வேணாம்னும் சொல்லலாம். எதுவா இருந்தாலும் 19 நாளுக்குள்ள தெரிஞ்சுடும், பழையதை விட்டுட்டு நடுத்தெருவுல நிக்க வேண்டியிருக்காது. புதுசு கைக்கு வர்ற வரைக்கும் பழையதை விடாதீங்கன்னு என்கிட்ட வர்ற எல்லார்கிட்டயும் கெஞ்சாத குறையா சொல்றேன்.

ரெண்டையும் சேத்து கொஞ்ச நாள் வச்சுக்கலாமான்னு கேப்பீங்க. வச்சுக்கலாம், புதுசோட வெயிட்டிங் ஓடி முடியுற வரைக்கும் பழையது நிழல் மாதிரி இருக்கும். ஆனா ரெட்டைச் செலவு, ஒரே பில்லுக்கு ரெண்டு இடத்துலயும் முழுசா வாங்க முடியாது, இன்னொரு பாலிசி இருக்குன்னும் சொல்லியாகணும். ஆரோக்கியமா இருக்குற ரெண்டு வயசு நாய்க்கு நான் இதை சொல்லுவேன், மணிக்கு இப்ப பிரயோஜனம் குறைவு.

வயசு வரம்பையும் பாருங்க. புதுசா சேர ஒரு வயசு, வெளிய அனுப்ப ஒரு வயசுன்னு ஒவ்வொரு பாலிசியிலயும் இருக்கும், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் மாதிரி பெரிய இனங்களுக்கு அது இன்னும் சீக்கிரம். மணிக்கு ஆறு ஆகப்போகுது. பழைய கம்பெனி எந்த வயசு வரைக்கும் ரினியூ பண்ணும்னு அதே மெயில்லயே கேட்டுடுங்க, பத்து வயசுல நிறுத்திடுவாங்கன்னா அதுக்கப்புறம் வர்ற வருஷங்களுக்குத்தான் உங்க வீட்டுக்காரர் சொல்ற ஆர்டி.

அவர் சொல்றதையும் தள்ளிட முடியாது. மாசம் 600 போட்டா வருஷத்துக்கு 7,200, அஞ்சு வருஷத்துல 36,000, மேல கொஞ்சம் வட்டி. மணிக்கு அந்த அஞ்சு வருஷமும் ஒண்ணும் வரலன்னா அந்தக் காசு உங்க கையில இருக்கும், இன்சூரன்ஸ்ல இருக்காது. ஆனா ஆறாவது மாசமே பெரிய ஆபரேஷன் வந்தா ஆர்டில 3,600தான் இருக்கும். கையில ஐம்பதாயிரம் வரைக்கும் அவசரத்துக்கு எடுக்க முடியுற குடும்பம்னா அவர் வழி சரி. நீங்க போன ஆகஸ்ட்ல அந்த 23,400ஐ கட்ட உங்க தம்பிகிட்ட கைமாத்து வாங்கினதா எழுதியிருக்கீங்களே, அதனாலதான் இந்த வருஷம் பாலிசியை விடாதீங்கன்னு சொல்றேன். முடிஞ்சா மாசம் 300ஆவது தனியா போட்டு வைங்க, கோ-பேக்கும் அந்த காலர், டானிக்குக்கும் அது ஆகும்.

சிட்டுவுக்கு தனி பாலிசி

நாய் பாலிசியில பூனையை பொதுவா சேக்க முடியாது, அதுக்கு தனி பாலிசி, தனி பிரீமியம். ரெண்டையும் ஒரே கம்பெனியில எடுத்தா தள்ளுபடி தரலாம், ஆனா பத்திரம் பெரும்பாலும் வேற வேறதான். பூனைக்கு பாலிசி கொடுக்குற கம்பெனியே நாயை விட கம்மி. அதனால ஏஜென்ட் சொன்ன அந்த புது கம்பெனி பூனைக்கும் கொடுக்குதுன்னா சிட்டுவை வேணும்னா அங்க சேருங்க, வியாதி ஒண்ணும் இல்லாத ரெண்டு வயசு, மறைக்க எதுவும் இல்ல, வெயிட்டிங் ஓடட்டும். மணியை இழுத்துட்டுப் போக வேணாம்.

ஆண் பூனைக்கு முக்கியமா ஒண்ணு கேளுங்க, சிறுநீர் அடைப்புக்கு அட்மிஷன், கதீட்டர் எல்லாம் கவர் ஆகுமான்னு. மண் ட்ரேக்கு போய் போய் உக்காந்து சொட்டு கூட வராம கத்துச்சுன்னா அது மலச்சிக்கல்னு நினைச்சு காத்திருக்காதீங்க, ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிருக்கே ஆபத்து, ராத்திரியா இருந்தாலும் தூக்கிட்டு ஓடணும். கருத்தடை ஆபரேஷன், பல் சுத்தம், குட்டி போடுறது, குடற்புழு மாத்திரை, இதெல்லாம் பொதுவா கவர்ல வராது. தடுப்பூசி போட்டிருந்தா வராம தடுத்திருக்கலாம்ங்குற நோய் வந்து, ஊசி போட்ட ரெக்கார்டு இல்லன்னா கிளைம் போயிடும், மணிக்கும் இதே கதைதான், பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாம் அதுல அடங்கும். அதனால அந்த ஊசி புக்கு பத்திரம். சிட்டுவுக்கு வாங்கின பில்லு இல்லையேன்னு கவலைப்படாதீங்க, வயசு, அடையாளம், ஆரோக்கியம் மூணும் எழுதி டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கலாம்.

அடையாளம்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. மணிக்கு மாநகராட்சி லைசென்ஸ் இருக்கான்னு நீங்க எழுதல. 50 ரூபாதான், ஆன்லைன்லயே போடலாம், 2025 கடைசியில இருந்து தோலுக்கு அடியில வைக்கிற மைக்ரோசிப்பும் கட்டாயம், லைசென்ஸ் இல்லன்னா 5,000 அபராதம். இன்சூரன்ஸுக்கும் அந்த சிப் நம்பர் பெரிய உதவி. ஒரே நிறத்துல ஊர்ல எத்தனை லேப், பாலிசி எடுத்த நாயும் ட்ரீட்மென்ட் எடுத்த நாயும் ஒண்ணுதானான்னு கேக்கும்போது, பாலிசி, ஊசி புக்கு, ஆஸ்பத்திரி சீட்டு மூணுலயும் ஒரே 15 இலக்க நம்பர் இருந்தா பேச்சு அங்கேயே முடிஞ்சுடும்.

உங்க பக்கம் இருக்குற உரிமைங்க

ஐஆர்டிஏஐ 2024 ஜூன்ல போட்ட மாஸ்டர் சர்க்குலர்படி, ஒரு வருஷப் பொதுக் காப்பீட்டு பாலிசியை வாடிக்கையாளர் காரணம் சொல்லாம எப்ப வேணும்னாலும் ரத்து பண்ணலாம், கிளைம் எதுவும் வாங்கலன்னா மீதி நாளுக்கான பிரீமியம் திரும்ப வரணும். அதனால சிட்டுவுக்கு எடுத்த பாலிசி பத்திரம் கைக்கு வந்து படிச்சுப் பாத்து, சொன்னதும் எழுதினதும் வேற வேறயா இருந்தா மாட்டிக்கிட்டோமேன்னு நினைக்க வேணாம். அதே சர்க்குலர்படி, பேப்பர் பத்தலன்னு மட்டும் சொல்லி கிளைமை ரிஜெக்ட் பண்ணக்கூடாது. பாலிசியோட வர்ற வாடிக்கையாளர் தகவல் தாளை தூக்கிப் போடாதீங்க, எதுக்கு கவர், எதுக்கு இல்லன்னு ரெண்டு மூணு பக்கத்துல அதுலதான் இருக்கும். நீங்க கொடுத்த ஃபார்மோட காப்பியையும் கேட்டு வாங்குங்க.

நாளைக்கு கட்டி கிளைமை நியாயம் இல்லாம ரிஜெக்ட் பண்ணினா, முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். ஐஆர்டிஏஐயோட பீமா பரோசாங்குற புகார் வெப்சைட்லயும் பதியலாம், 155255க்கு போன் பண்ணினாலும் எடுத்துப்பாங்க. ஒரு மாசத்துல பதில் வரல, இல்ல பதில் சரியில்லன்னா, இந்த மாதிரி புகாரை விசாரிச்சு தீர்த்து வைக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். நம்ம ஊர் ஆபீஸ் தேனாம்பேட்டை அண்ணா சாலையில பாத்திமா அக்தர் கோர்ட்ல இருக்கு. 50 லட்சம் வரைக்கும் பாப்பாங்க, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம், நீங்களே பேசலாம், கம்பெனி கைவிரிச்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணும். நுகர்வோர் கமிஷன் இன்னொரு வழி, ரெண்டு வருஷம் டைம், ஆனா அங்க கேஸ் போட்டுட்டு இங்க வந்தா எடுக்க மாட்டாங்க, அதனால ஆம்பட்ஸ்மேனை முதல்ல பாருங்க. அந்த 8,400க்காக மட்டும் எங்கயும் போகாதீங்க, அதுல உங்களுக்கு கேஸ் இல்ல.

கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய மெயில் பெருசா இருக்க வேணாம். பாலிசி நம்பர் போட்டு, நடப்பு பாலிசியில நாய்க்கு ஒரு கட்டி தெரிஞ்சிருக்கு, இந்தத் தேதியில டெஸ்ட் எடுக்குறேன், தகவலுக்காக சொல்றேன். ரினியூ பண்ணினா போன வருஷ நோய்ங்க ஒதுக்கப்படுமா, எந்த வயசு வரைக்கும் ரினியூவல் உண்டு, பிரீமியம் 5,400ல இருந்து 7,100 ஆனதுல வயசுக்கு எவ்வளவு, கிளைமுக்கு எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு, இதுக்கு எழுத்துல பதில் வேணும். அவ்வளவுதான். இன்னைக்கே அனுப்பிடுங்க, பதில் வந்ததும் டெஸ்ட் ரிப்போர்ட்டோட சேத்து எனக்கு அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்.